ஒரு விநாடி இருட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் ஆண்டுப் பொதுக்குழு நடந்தது. வழக்கம்போல் கீழ்த்தளத்துக் கூடத்தில், வழக்கம்போல் அரை மணி தாமதமாக. இந்த வருடம் ஒரு புதுமை. வரவு செலவுக் கணக்கைக் காகிதத்தில் கொடுக்காமல் பெரிய திரையில் காட்டுவதாகச் செயலாளர் முடிவு செய்திருந்தார். யாரோ ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். செயலாளர் தன் லேப்டாப்பில் கேபிளைச் செருகினார். திரை கறுப்பானது. "வரலையே" என்று பிடுங்கினார். மறுபடி செருகினார். மறுபடி கறுப்பு. மறுபடி பிடுங்கினார். மூன்றாவது தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், பிடுங்காதீங்க. ரெண்டு செகண்ட் அப்படியே விடுங்க."

விட்டார். வந்தது. தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணம் உட்பட எல்லாம் பளிச்சென்று வந்தது.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்று முன்வரிசையில் இருந்த பொருளாளரின் பெண் கேட்டாள்.

"அந்த இருட்டைப் பத்தி நான் நூத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

தமாஷ் இல்லை. நிஜமாகவே எழுதியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரொம்ப நாளாகவே எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். நடுவில் கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் கடைசியில் நான் எதற்காகத் தலைகுனிந்தேன் என்பது புரியாது.

என் உத்தியோகத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதியதில்லை. மென்பொருள் கம்பெனியில் வேலை என்றால் எல்லோரும் புரோகிராம் எழுதுவதாக நினைப்பார்கள். நான் எழுதியது புரோகிராமைப் பற்றி. ஆவணம் தயாரிப்பவன். டெக்னிக்கல் ரைட்டர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். என் அம்மா கடைசிவரை சொந்தக்காரர்களிடம், "அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில ரைட்டரா இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி ஏதோ என்று நினைத்திருப்பார்கள். பரவாயில்லை. அவரும் நடந்ததை எழுதிவைப்பவர்தானே.

2004-ஆம் வருடம். எங்கள் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர். தொழிற்சாலைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரோடு பொருத்திவைக்கும் கணினிகள் செய்கிறவர்கள். திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும். அதற்குள் ஓடுவது லினக்ஸ். அந்தத் திரைக்கு டிரைவர் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. டிரைவர் என்றால் இயங்குதளம் சொல்வதை வன்பொருளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற இடைத்தரகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மோட் மாற்றம் என்ற பகுதியை ஆவணப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. திரையின் அளவும் வேகமும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டிரைவர் என்னென்ன செய்கிறது, எந்த வரிசையில், ஏன்.

அந்தப் பகுதியை எழுதியவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர். வயது என்னவோ ஐம்பதுதான். மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து என்பதால் அவரைப் 'பெரியவர்' என்றே கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்துக்காரர். ஊரில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் வேலையை விட்டுவிட்டுப் போக முடிவு செய்திருந்தார். போவதற்குள் அவர் தலையில் இருப்பதையெல்லாம் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எனக்குக் கொடுத்த அவகாசம் ஆறு வாரம்.

முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வியே அசட்டுக் கேள்வி. 640-க்கு 480 என்று ஒரு மோட். அகலத்தில் 640 புள்ளி, உயரத்தில் 480 வரி. ஆனால் அட்டவணையில் 800 என்றும் 525 என்றும் எழுதியிருந்தது. "சார், இது தப்பா டைப் ஆயிருக்கு" என்றேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. "நீங்க டைப்ரைட்டிங் படிச்சிருக்கீங்களா?" என்றார்.

படிக்காமலா? எங்கள் காலத்தில் பத்தாவது முடித்தவுடன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்க்காத அப்பா உண்டா? லோயர், ஹையர் இரண்டும் பாஸ்.

"ஒரு வரி அடிச்சு முடிச்சதும் மணி அடிக்கும். அப்புறம்?"

"கேரியேஜைத் தள்ளணும்."

"தள்ற நேரத்துல எழுத்து விழுமா?"

அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை. பழைய குடம் மாதிரியான திரைகளில் பின்னாலிருந்து ஒரு எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரி வரியாக எழுதிக்கொண்டு போகும். வரி முடிந்ததும் திரும்ப இடப்பக்கம் வர வேண்டும். வரும் நேரத்தில் அதை அணைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே கோடு விழும். அந்தத் திரும்பும் நேரத்தையும் புள்ளிக் கணக்கிலேயே சேர்த்தால் 640 என்பது 800 ஆகிறது. வலதுபக்க ஓரத்துக்கு 16, 'திரும்பு' என்ற சைகைக்கு 96, இடதுபக்க ஓரத்துக்கு 48. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அதேபோல் பக்கம் முழுக்க எழுதி முடித்துக் கீழிருந்து மேலே போகும் நேரத்துக்கு 45 வரி. 480 என்பது 525. டைப்ரைட்டரில் காகிதத்தை உருவிவிட்டு அடுத்த காகிதம் செருகுவது மாதிரி.

ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. அட்டையில் ஆரம்பித்த கணக்கு இது. விநாடிக்கு 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம் புள்ளி. அதை 800-ஆல் வகுத்து, பிறகு 525-ஆல் வகுத்தால் 59.94 வரும். விநாடிக்கு அத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. அமெரிக்கக் கலர் டிவியும் அதே 59.94 தான். அறுபது என்று முழுசாக இல்லாமல் இதென்ன கஞ்சத்தனம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கு நீங்கள் வாங்கும் தட்டைத் திரையில் கற்றையும் கிடையாது, திரும்புவதும் கிடையாது. ஆனாலும் இந்த ஓரக் கணக்கு போகவில்லை. மாமியார் காலத்துப் பழக்கம் மருமகள் காலத்திலும் நடப்பது மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

பெரியவரிடம் ஒரு வித்தை உண்டு. அப்போதைய குடத் திரைகளுக்குள் ரிலே என்ற சின்ன ஸ்விட்ச் இருக்கும். மோட் மாறும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே எந்த மோடிலிருந்து எதற்கு மாறியது என்று சொல்லிவிடுவார். பையன்கள் பந்தயம் கட்டித் தோற்பார்கள். பந்தயம் எப்போதும் சமோசாதான்.

"அந்தக் காலத்துல தப்பான கணக்கைக் கொடுத்தா மானிட்டர் கீச்சுன்னு கத்தும். சிலது கத்திட்டு நிரந்தரமா வாயை மூடிடும்" என்பார். உண்மைதான். ஒரே வேகத்துக்கென்று செய்யப்பட்ட பழைய மானிட்டர்களுக்கு வேறு வேகத்தில் சைகை கொடுத்தால் உள்ளே பாகங்கள் சூடேறிக் கெட்டுப்போவதுண்டு. லினக்ஸில் வரைகலைத் திரையைக் கொண்டுவர ஒவ்வொருவரும் தன் மானிட்டருக்கான எண்களைத் தானே ஒரு கோப்பில் எழுதிக்கொண்ட காலம் அது. மென்பொருளால் வன்பொருளை உடைக்கலாம் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால், எழுத்துப் பிழையால் ஒரு பொருள் எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு மானிட்டர்களே தங்கள் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தன. ஈ.டி.ஐ.டி. என்று பெயர். நான் அதை என் குறிப்பேட்டில் 'ஜாதகம்' என்றே எழுதிவைத்திருக்கிறேன். 128 பைட்டில் எல்லாம் அடங்கிவிடும். யார் செய்தது, எந்த வருடம் பிறந்தது, எத்தனை சென்டிமீட்டர் அகலம், என்னென்ன மோட் ஒத்துக்கொள்ளும், எது ரொம்பப் பிடிக்கும். கேபிளைச் செருகியவுடன் கணினி முதலில் செய்வது இந்த ஜாதகத்தை வாங்கிப் பொருத்தம் பார்ப்பதுதான். எங்கள் செயலாளர் ஒவ்வொரு முறை கேபிளைப் பிடுங்கியபோதும் பொருத்தம் பார்ப்பது பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களை வாசலிலேயே மூன்று முறை திருப்பி அனுப்பினால் எந்தக் கல்யாணம் நடக்கும்?

பொருத்தம் சரி என்றானபிறகு நடப்பதைத்தான் பெரியவர் எனக்கு மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்ன உதாரணமே ஒரு அத்தியாயத்துக்குப் போதும்.

"சபாவுல நாடகம் பாத்திருப்பீங்க இல்ல? சீன் மாத்தறப்ப என்ன பண்ணுவாங்க?"

"விளக்கை அணைச்சிடுவாங்க."

"அந்த இருட்டுல சோபாவைத் தூக்கிட்டு ஓடறான், மரத்தைக் கொண்டாந்து வைக்கறான். விளக்கு எரியறப்ப அரண்மனை காடாயிருக்கும். பாக்கறவனுக்கு அது ஒரு விநாடி இருட்டு. பின்னாடி இருக்கறவனுக்கு அதுதான் வேலையே."

ஆர்.எஸ். மனோகர் நாடகங்களில் காட்சி மாறும் வேகத்தைப் பார்த்து வாய்பிளந்தவன் நான். டக்கென்று புரிந்துவிட்டது.

அந்த இருட்டுக்குள் நடப்பது இது. முதலில், இன்னும் எதையும் தொடாமல், 'இந்த மோட் நம்மால் முடியுமா' என்ற கேள்வி. புள்ளிகளின் வேகத்துக்குக் கடிகாரம் ஈடுகொடுக்குமா, நினைவகத்திலிருந்து அந்த வேகத்தில் படத்தை எடுத்து ஊட்ட முடியுமா, திரை ஒத்துக்கொள்ளுமா. முடியாது என்றால் பழைய காட்சியே தொடரட்டும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். லினக்ஸ் டிரைவரில் சரிபார்ப்பதற்கு ஒரு பகுதி, செய்து முடிப்பதற்கு இன்னொரு பகுதி என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். பெரியவர் இதில் கறாரானவர். "கேக்கற இடத்துல கைவைக்கக் கூடாது. கைவைக்கற இடத்துல கேக்கக் கூடாது" என்பார்.

முடியும் என்றால், பின்விளக்கை அணை. பிறகு திரைக்குப் போகும் சைகையை, ஓடிக்கொண்டிருக்கும் படம் முழுசாக ஒரு சுற்று முடிந்த பிறகு, அதாவது காகிதம் மாற்றும் அந்த 45 வரி இடைவெளியில், நிறுத்து. பிறகு திரையின் மின்சாரத்தை நிறுத்து. கடிகாரத்தைப் புது வேகத்துக்கு மாற்று, அது தள்ளாடாமல் நிலைப்படும்வரை பொறு. புது அளவுகளை எழுது. படம் நினைவகத்தில் எங்கே ஆரம்பிக்கிறது, ஒரு வரிக்கு எத்தனை பைட் என்று சொல். அப்புறம் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் திற. முதலில் திரைக்கு மின்சாரம், பிறகு சைகை, கடைசியில் பின்விளக்கு.

வரிசை ஏன் முக்கியம் என்றால், தட்டைத் திரைக்குள் இருக்கும் திரவப்படிகத்துக்கு மின்னழுத்தம் திசை மாறி மாறிக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே திசையில் நின்றுவிட்டால் படிகம் மெதுவாகக் கெடும். மின்சாரம் இருந்து சைகை இல்லாமல் போனால் அதுதான் நடக்கும். இன்னொன்று, மின்சாரத்தை நிறுத்திய உடனே மறுபடி கொடுக்கக் கூடாது. உள்ளே தேங்கியிருப்பது முழுக்க வடிய வேண்டும். நாங்கள் பயன்படுத்திய திரையின் விவரத்தாளில் குறைந்தது 500 மில்லி விநாடி என்று போட்டிருந்தது. அரை விநாடி.

"இதை மட்டும் நல்லா எழுதிடுங்க" என்றார் பெரியவர். "பாதித் தூக்கத்துல எழுப்பின குழந்தை மாதிரி அது. முழிச்சுக்கிட்டு இருக்கும், ஆனா யாரையும் அடையாளம் தெரியாது. நம்ம மேஜையில பத்து தடவை சரியா எழுந்துக்கும். பதினோராவது தடவை வெள்ளையா முழிக்கும். எவனாவது ஒருத்தன் இந்த அரை விநாடியைப் பாத்து, வீணாப் போகுதேன்னு எடுத்துடுவான். அதனால ஏன்னு எழுதுங்க."

எழுதினேன். ஒரு முழுப் பத்தி. குழந்தையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினேன்.

பெரியவர் டிசம்பரில் கிளம்பிப் போனார். கேக் வெட்டினார்கள். அடுத்த மாதம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஆவணத்தைப் பரிசீலித்து ஒரு கடிதம் வந்தது. ஆவணம் நீளமாக இருக்கிறது. என்ன செய்கிறது என்று சொன்னால் போதும், ஏன் என்ற கதையெல்லாம் வேண்டாம். 140 பக்கத்தை 90 ஆக்கவும். எனக்கு அப்போது வேலை அதிகம். என் பெண்ணுக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எடிட்டரைத் திறந்துவைத்து 'ஏன்' என்று தொடங்கிய பத்திகளைத் தேடித் தேடி வெட்டினேன். மொத்தம் ஒன்றரை நாள். 88 பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியவரின் பத்தி இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி மிஞ்சியது: '500 மில்லி விநாடி காத்திருக்கவும்.'

2005 நடுவில் வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒரு குறை. பெட்டியைப் போட்டால் திரை வருவதற்கு நேரமாகிறது. ஆரம்பத்தில் ஒரு மோட், பிறகு வேறு மோட் என்று மாறுவதால் இருட்டும் கூடுதல். ஒரு இளைஞரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரப் பையன், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு காத்திருப்பாகப் பார்த்துக்கொண்டு வந்து 500-ஐக் கண்டார். ஆவணத்தைத் திறந்தார். காரணம் எதுவும் இல்லை. 50 ஆக்கிப் பார்த்தார். மேஜையில் வேலை செய்தது. பத்து தடவையும்.

பதினோராவது தடவை வெளிநாட்டில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் வந்தது. மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் அறுபது பெட்டிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. காலையில் போட்டால் வெள்ளைத் திரை. சிலவற்றில் அணைத்துப் போட்டால் சரியானது. சிலவற்றில் ஓரத்தில் அழியாத நிழல். நல்லவேளையாக உயிர் போகிற இடம் எதிலும் அந்தப் பெட்டிகள் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு இயந்திரம் நின்றால் எத்தனை பணம் என்று அவர்கள் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

கூட்டம் போட்டார்கள். பெரிய மேஜை, பத்துப் பன்னிரண்டு பேர். இளைஞர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். மேலாளர் அவரைக் காப்பாற்ற நினைத்தாரோ, தன்னைக் காப்பாற்ற நினைத்தாரோ, இப்படிச் சொன்னார்: "இவரைச் சொல்லிக் குத்தமில்லை. முன்னாடி இருந்தவர் எல்லாத்தையும் தலையிலேயே வச்சுக்கிட்டு ஒரு நம்பரை மட்டும் போட்டுட்டுப் போயிட்டார். ஏன்னு ஒரு வார்த்தை எழுதி வச்சிருந்தா இது நடந்திருக்குமா?" பெரியவரின் பெயரைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். இல்லாத ஆள் மேல் பழி விழுந்ததில் அறையில் ஒரு நிம்மதி பரவியது.

என் குறிப்பேடு என் முன்னாலேயே மேஜையில் இருந்தது. பச்சை அட்டை. நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் என் கையெழுத்திலேயே, 'பாதித் தூக்கத்துல எழுப்பின குழந்தை' என்று இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து டீ வந்தது, குடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு ஆவணத்தைத் திறந்து அந்தப் பத்தியை இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். இந்த மாதிரி ஆவணங்களின் முதல் பக்கத்தில் திருத்தங்களின் வரலாறு என்று ஒரு அட்டவணை இருக்கும். பதிப்பு எண், தேதி, யார், என்ன மாற்றம். அதில் எழுதினேன்: 'பதிப்பு 1.2-இல் ஆவணம் தயாரித்தவர் நீக்கிய காரணம், பதிப்பு 1.3-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.' அருகில் என் பெயர். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்த அட்டவணையை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரியாதா? தெரிந்துதான் அங்கே எழுதினேன். யாரும் படிக்கவில்லை.

இதற்குப் பிறகு உலகத்தில் இந்த வேலை எவ்வளவோ மாறிவிட்டது. அப்போது லினக்ஸில் எங்கள் மாதிரிச் சின்னப் பெட்டிகளில்தான் கெர்னலுக்குள்ளேயே மோட் மாற்றினார்கள். மேஜைக் கணினிகளில் வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ் சர்வர் என்ற வெளி நிரல் தானாகவே வன்பொருளில் கைவைக்கும். கெர்னலும் ஒரு பக்கம் கைவைக்கும். ஒரே ஸ்டியரிங்கை இரண்டு பேர் பிடித்த கதை. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில், முதலில் இன்டெல் சில்லுகளுக்கு, அந்தப் பொறுப்பைக் கெர்னலுக்கே கொடுத்தார்கள். 2015-இல் 4.2 பதிப்பில் இன்னொரு வசதி பரவலாகத் திறந்தது. பல திரைகளின் மாற்றங்களை ஒரே கட்டாகக் கொடுத்து, 'செய்ய வேண்டாம், முடியுமா என்று மட்டும் சொல்' என்று கேட்கலாம். முடிந்தால் மொத்தமும் நடக்கும், முடியாவிட்டால் எதுவுமே நடக்காது. பெரியவர் சொன்ன அதே கேட்கும் இடமும் கைவைக்கும் இடமும்.

விண்டோஸில் நீங்களே பார்த்திருப்பீர்கள். திரை அளவை மாற்றினால் 'இதை வைத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டு 15 விநாடி எண்ணும். பதில் வராவிட்டால் பழையபடி திரும்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. எல்லாப் பொருத்தமும் பார்த்த பிறகும் எதிரில் இருப்பவர் கண்ணுக்குப் படம் தெரிகிறதா என்று கணினிக்குத் தெரியாது. இருட்டில் இருப்பவரால் பொத்தானை அமுக்க முடியாது. அதனால் மௌனத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தில் என் மௌனத்தை எல்லோரும் 'ஆமாம்' என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

2007-இல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முகூர்த்தம் முடிந்ததும் மனைவியை மண்டபத்தில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அவர் ஊருக்குப் போனேன். பச்சைக் குறிப்பேட்டைச் சென்னையிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். அம்மா போன வருடம்தான் காலமானார் என்றார். கொஞ்சம் நிலம், சாயங்காலத்தில் பத்துப் பையன்களுக்குக் கணக்கு. திண்ணையில் உட்காரச் சொல்லிக் காபி கொண்டுவந்தார்.

சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியை வெட்டியது, ஐநூறு ஐம்பதானது, பெட்டிகள் திரும்பி வந்தது, கூட்டம். அவர் குறிப்பேட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என் பேரைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நீங்க இருந்தீங்களா அங்க?"

"இருந்தேன்."

இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். தெருவில் ஒரு மாட்டுவண்டி வைக்கோல் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. அது முக்கு திரும்பும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

"இப்ப அந்த வரி இருக்கா?"

"இருக்கு சார். ஏன்கறதும் இருக்கு."

"எத்தனை போட்டிருக்கு?"

"ஐநூறு."

"அது விவரத்தாள்ல இருக்கற குறைஞ்சபட்சம். நானே அப்ப இன்னும் கொஞ்சம் சேத்து வச்சிருக்கணும். அறுநூறு போடச் சொல்லுங்க" என்று குறிப்பேட்டை மூடிக் கொடுத்தார். "காபி ஆறுது பாருங்க."

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக டிரைவர் குழுவிடம் பேசினேன். அவர்கள் சோதித்துப் பார்த்து ஒத்துக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. பிறகு ஆவணத்தைத் திறந்து அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். பதிப்பு 1.4. 500 என்பது 600 ஆனது. காரணம், முழுசாக. 'யார் சொன்னது' என்ற கட்டத்தில் பெரியவரின் பெயரை இன்ஷியலோடு எழுதினேன். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, பழைய கூட்டத்தில் இருந்தவர்களில் அப்போதும் வேலையில் இருந்த ஏழு பேரின் மேஜையிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வந்தேன். மேலாளரின் மேஜையில் வைக்கும்போது அவர் இருந்தார். "என்ன இது?" என்றார். உட்கார்ந்து சொன்னேன்.